போலியோ கண்காணிப்பை மதிப்பிடுவது எப்படி? சென்னை வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2015 செப்டம்பரில், போலியோ தொடர்ந்து பரவும் நாடுகளின் பட்டியலிலிருந்து நைஜீரியாவை உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள போர்னோ மாநிலத்தில் மறுபடியும் போலியோ கண்டுபிடிக்கப்பட்டது. வைரஸின் மரபணுவை அலசியபோது, 2011இல் கடைசியாகப் பிடிபட்ட ஒரு கிளையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. ஐந்து வருடம் அது குழந்தைக்குக் குழந்தை தாவிக்கொண்டே இருந்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. உள்நாட்டு மோதலால் சுகாதார ஊழியர்கள் போக முடியாத ஊர்கள் அவை. தேசிய அளவில் கண்காணிப்பு எண்கள் நன்றாகவே இருந்தன.

கண்காணிப்பை மதிப்பிடப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய கதை இது. இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவான சிறுமி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ‘கேஸ் இல்லை’ என்ற அறிக்கை மேலே போய்க்கொண்டிருக்கிறது. நோய் இல்லாததால் இல்லையா, பார்க்காததால் இல்லையா என்று பிரித்துக் காட்டுவதுதான் மதிப்பீட்டின் வேலை. சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், புதிதாகச் சேர்ந்த சுகாதார அலுவலர்கள், மாநகராட்சி மருத்துவ அலுவலர்கள் ஆகியோருக்காக, சென்னையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மதுரைக்கோ கோவைக்கோ எண்களையும் இடங்களையும் மாற்றிக்கொண்டால் போதும்.

எதைத் தேடுகிறோம்?

போலியோவை நேரடியாகத் தேடுவதில்லை. போலியோ மாதிரித் தோன்றும் எல்லாவற்றையும் தேடுகிறோம். 15 வயதுக்குக் கீழ் உள்ள எந்தக் குழந்தைக்கும் கை கால் திடீரென்று வலுவிழந்து தொளதொளவென்று ஆகிவிட்டால் அது ஏஎஃப்பி (acute flaccid paralysis, திடீர்த் தளர்வாதம்). காரணம் என்னவாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். வயது எதுவானாலும், மருத்துவருக்குப் போலியோ சந்தேகம் வந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராக்லேண்ட் கவுண்டியில் போலியோவால் வாதம் வந்தவர் குழந்தை இல்லை, தடுப்பூசி போடாத ஓர் இளைஞர்.

கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்), டிரான்ஸ்வர்ஸ் மயலைடிஸ் (தண்டுவட அழற்சி), பிட்டத்தில் ஊசி போட்டு நரம்பு பாதித்தது, பொட்டாசியம் குறைவு, தொண்டை அடைப்பான் வந்து போனபின் வரும் நரம்புத் தளர்ச்சி என்று போலியோ இல்லாத காரணங்கள் நிறைய. இவை எந்த ஊரிலும் ஓரளவு சீராக வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வருடத்தில் குறைந்தது 1 என்பது உலகச் சான்றிதழ் அளவுகோல். இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 2. அந்த எண்ணிக்கை வரவில்லை என்றால் வலை எங்கோ கிழிந்திருக்கிறது.

இன்னொரு கணக்கு. முதல் வகைப் போலியோ வைரஸ் தொற்றியவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்குத்தான் வாதம் வரும். இரண்டாம் வகையில் சுமார் 2,000 பேருக்கு ஒருவர். ஒரு கேஸைத் தவறவிட்டால் அதன் பின்னால் நிற்கும் நூற்றுக்கணக்கான தொற்றுகளையும் சேர்த்துத் தவறவிடுகிறோம்.

படி 1: எல்லையையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்

விகிதம் தப்பாவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். சென்னையில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் சுமார் 46.5 லட்சம் பேர். அது பழைய எல்லை. அதே ஆண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது, 15 மண்டலம், 200 வார்டு ஆனது. மாவட்ட எல்லை 2018இல்தான் அதற்கு ஈடாக விரிந்தது. கேஸ்களைப் புது எல்லையில் எண்ணி, பழைய மக்கள்தொகையால் வகுத்தால் விகிதம் பிரமாதமாக வரும். அம்பத்தூரிலும் சோழிங்கநல்லூரிலும் உள்ள குழந்தைகள் மேலே இருப்பார்கள், கீழே இருக்க மாட்டார்கள்.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு நடக்கும். மொத்த மக்கள்தொகையை நீட்டித்துக் கணக்கிட்டுவிட்டு, 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பங்கைப் பழையபடியே வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பங்கும் சுருங்கியிருக்கிறது. எந்த எண்ணை எடுத்தீர்கள், எங்கிருந்து, எந்த எல்லைக்கு என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: கேஸ் எந்த ஊருடையது என்று பிரியுங்கள்

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்னைக் குழந்தைகள் மட்டுமா வருகிறார்கள்? திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், ஆந்திராவின் நெல்லூர், சித்தூர் வரைக்கும் அதுதான் கடைசி நம்பிக்கை. ஸ்டான்லியும் கீழ்ப்பாக்கமும் அப்படித்தான். கண்காணிப்பில் கேஸ் என்பது குழந்தை வசிக்கும் மாவட்டத்துக்குச் சேரும், அறிவித்த மருத்துவமனையின் மாவட்டத்துக்கு இல்லை. ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் இரண்டு நிரல் போடுங்கள்: எங்கே வசிக்கிறது, எங்கே அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு நிரலும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சுற்றுவட்டார மாவட்டத்தின் கேஸ்கள் எல்லாமே சென்னையில்தான் அறிவிக்கப்பட்டிருக்கின்றன, உள்ளூரிலிருந்து ஒன்றுகூட இல்லை என்றால், அந்த மாவட்டத்தின் விகிதம் 3 ஆக இருந்தாலும் அங்கே கண்காணிப்பு நடக்கவில்லை என்றே அர்த்தம். சென்னை வரை பஸ் ஏறி வர வசதியில்லாத குழந்தை அந்தக் கணக்கில் வரவே வராது.

படி 3: விகிதத்தைப் போடுங்கள், பிறகு அதை உடையுங்கள்

கணக்கு எளிது. போலியோ இல்லை என்று வகைப்படுத்திய ஏஎஃப்பி கேஸ்களை 15 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். வருடம் முடியவில்லை என்றால் 12ஐ முடிந்த மாதங்களால் வகுத்து அதையும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு மண்டலங்கள் சேர்ந்து 6 லட்சம் குழந்தைகள், வருடத்தில் 15 கேஸ். விகிதம் 2.5. எல்லாருக்கும் மகிழ்ச்சி. இப்போது பிரியுங்கள்: முதல் மண்டலத்தில் 4 லட்சம் குழந்தைகள், 14 கேஸ், விகிதம் 3.5. இரண்டாவதில் 2 லட்சம் குழந்தைகள், 1 கேஸ், விகிதம் 0.5. போர்னோவின் கதை இந்த இரண்டாவது வரியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஆனால் ஒரேயடியாக உடைத்துக்கொண்டே போகவும் கூடாது. 10,000 குழந்தைகள் உள்ள ஒரு வார்டில், லட்சத்துக்கு 2 என்ற கணக்கில் வருடத்துக்கு எதிர்பார்க்கக்கூடியது 0.2 கேஸ். கண்காணிப்பு நூறு சதவீதம் சரியாக இருந்தாலும் அந்த வார்டில் ஒரு வருடம் பூஜ்யம் வர சுமார் 82 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த மருத்துவ அலுவலரைக் கூப்பிட்டுத் திட்டுவது அநியாயம். எதிர்பார்ப்பு 1 என்றால் பூஜ்யம் வர 37 சதவீதம், 3 என்றால் 5 சதவீதம். குழந்தைகள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய பகுதியில் ஒரு வருடம் முழுக்க ஒன்றுமே வரவில்லை என்றால் அதைத் தற்செயல் என்று சொல்வது கஷ்டம். அதைவிடச் சின்னப் பகுதிக்கு மூன்று, ஐந்து வருடக் கேஸ்களைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து வயது. வந்த கேஸ்களில் பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ்தான் என்றால், மருத்துவர்கள் ‘போலியோ மாதிரி இருக்கிறதா’ என்று தாங்களே வடிகட்டிவிட்டு அனுப்புகிறார்கள். பத்து வயதுப் பையனின் கில்லன் பாரே அறிவிக்கப்படவில்லை. இறுதி நோயறிதலையும் பாருங்கள். எல்லாமே கில்லன் பாரே, ஊசி நரம்புப் பாதிப்பு ஒன்றுகூட இல்லை என்றால், பெரிய மருத்துவமனையின் நரம்பியல் வார்டு மட்டும் விழித்திருக்கிறது, சின்ன கிளினிக்குகள் தூங்குகின்றன.

படி 4: பதிவேடுகளைத் தோண்டுங்கள்

மதிப்பீட்டில் அதிக நேரம் போக வேண்டிய இடம் இது. அனுப்பிய அறிக்கைகளை வைத்து அனுப்பாதவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவமனைக்குப் போய் உட்கார வேண்டும்.

முதலில் அனுமதி. மாநகராட்சி சுகாதாரத் துறை, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள பொது சுகாதார இயக்குநரகம், மருத்துவமனை டீன் ஆகியோரிடம் எழுத்தில் வாங்குங்கள். நோயாளி பெயர் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கலாம், அறிக்கையில் வரக்கூடாது.

பெரிய மருத்துவமனைகளில் மருத்துவப் பதிவுத் துறையிடம் ஐசிடி குறியீட்டை (நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீடு) வைத்து ஓர் ஆண்டின் பட்டியல் கேட்கலாம். கில்லன் பாரேவுக்கு ஜி61.0, டிரான்ஸ்வர்ஸ் மயலைடிஸுக்கு ஜி37.3. இது ஆரம்பம்தான். டிஸ்சார்ஜ் தாளில் ‘காய்ச்சல், பலவீனம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் குறியீடு வேறாகிவிடும். ஆகவே வார்டுக்குப் போய் அட்மிஷன் பதிவேட்டை வரிவரியாகப் பாருங்கள். நடக்க முடியவில்லை, கால் இழுத்து நடக்கிறான், நிற்க வைத்தால் மடங்குகிறது என்று புகார் பகுதியில் இருக்கும் சொற்களே உங்களுக்கு வேண்டியவை.

நான் யாருக்கும் தவறாமல் சொல்வது, டாக்டர் எழுதாத பதிவேடுகளைப் பாருங்கள் என்று. பிசியோதெரபிப் பதிவேடு. நரம்புக் கடத்தல் பரிசோதனைப் பதிவேடு. மருந்தகத்தில் இம்யூனோகுளோபுலின் கொடுத்த கணக்கு: விலை அதிகமான மருந்து, ஒவ்வொரு குப்பிக்கும் கையெழுத்து இருக்கும், குழந்தைக்குக் கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் கில்லன் பாரேவாக இருக்க நல்ல வாய்ப்பு. வார்டில் கேஸ் ஷீட் தொலைந்தாலும் மருந்தகத்தில் குப்பிக் கணக்கு தொலைவதில்லை.

பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். கண்காணிப்பில் அறிவித்தது 18, பதிவேடுகளில் நீங்கள் கண்டது 15, இரண்டிலும் இருப்பது 12 என்று வைத்துக்கொள்வோம். 18ஐ 15ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 22.5. உண்மையில் வந்திருக்கக்கூடிய மொத்தம் அவ்வளவு. கண்காணிப்பு பிடித்தது 80 சதவீதம். இரண்டு பட்டியலும் ஒன்றை ஒன்று சாராமல் உருவாகியிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒரே நர்ஸ்தான் இரண்டையும் எழுதுகிறார் என்றால் பொதுவான எண் செயற்கையாக அதிகமாகும், கண்காணிப்பு உண்மையைவிட நன்றாகத் தெரியும்.

வாராந்திர பூஜ்ய அறிக்கைகளையும் இங்கேயே சோதித்துவிடலாம். சரியான நேரத்தில் வந்தவை குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். ஆனால் நூறு சதவீதம் வந்த இடத்தில்தான் நான் அதிகம் கவனமாக இருப்பேன். பூஜ்யம் அனுப்பிய ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து அதே வாரத்தின் அட்மிஷன் பதிவேட்டைத் திறங்கள். கையெழுத்துப் போட்டவரிடம் “இந்தப் பூஜ்யத்தை எப்படி எழுதினீங்க? எந்தெந்த வார்டுக்குப் போனீங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வார்டுக்குப் போய்ப் பார்த்து எழுதியவர் தயங்காமல் சொல்லிவிடுவார். நேரில் தேடிப் போகும் அலுவலர், பார்த்த பக்கத்தில் தேதியோடு கையெழுத்திட வேண்டும் என்பது முறை. பதிவேட்டில் மூன்று மாதமாக அப்படி ஒரு கையெழுத்தும் இல்லை, வருகை அட்டவணையில் மட்டும் எல்லா வாரமும் டிக் இருக்கிறது என்றால் வேறு சான்று தேவையில்லை.

படி 5: ஒரு குழந்தையின் நாட்களை எண்ணுங்கள்

சராசரித் தாமதம் எத்தனை நாள் என்று சொன்னால் யாரும் எதையும் திருத்த முடியாது. தாமதம் எந்தக் கையில் நடந்தது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கேஸுக்கும் வாதம் தொடங்கிய நாளைப் பூஜ்யமாக வைத்து ஒரு வரி எழுதுங்கள்.

உதாரணமாக, பொன்னேரிப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பூஜ்யம் நாள் காலையில் எழுந்திருக்கும்போது இடது கால் நிற்கவில்லை. 2ஆம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி. 4ஆம் நாள் ‘விழுந்து சுளுக்கியிருக்கும்’ என்று யாரோ சொல்ல, எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடம். 7ஆம் நாள் மேஸ்திரி முன்பணம் கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து 8ஆம் நாள் சென்னை. சென்னையில் அன்றே அறிவித்து, 9ஆம் நாள் ஆய்வு, 9, 10 ஆகிய நாட்களில் மல மாதிரி என்று நடந்தால் 14 நாளுக்குள் முடிந்துவிடுகிறது. வார்டில் ‘ஸ்கேன் வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று ஐந்து நாள் கழித்து அறிவித்தால் எல்லாம் கை நழுவிவிடும்.

தொடங்கிய 7 நாளுக்குள் அறிவிப்பு, அறிவித்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வு, எடுத்த 3 நாளுக்குள் மாதிரி ஆய்வகத்தில் என்பவை அளவுகோல்கள். நம் உதாரணத்தில் முதல் அளவுகோல் தவறிவிட்டது, ஆனால் தவறவைத்தது சென்னை மருத்துவமனை இல்லை. 2ஆம் நாள் பார்த்த கிளினிக்கும், நீவிவிடுகிறவரும், 7ஆம் நாள் அனுப்பிவைத்த அரசு மருத்துவமனையும் அறிவிக்கும் வலையில் இருந்தார்களா என்று பாருங்கள். சென்னையைச் சுற்றி எலும்பு கட்டுகிறவர், சுளுக்கு எடுக்கிறவர், தர்காவில் கயிறு கட்டுகிறவர் என்று எத்தனையோ பேரிடம் கால் வராத குழந்தைகள் முதலில் போகின்றன. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. ஒரு போன் நம்பர் கொடுத்து, கூப்பிட்டால் உடனே வந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனால் அவர்கள் மருத்துவர்களைவிட வேகமாகச் சொல்வார்கள்.

‘தொடங்கிய நாள்’ என்ற நிரலைப் படிவத்தில் இருப்பதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. சில கேஸ்களுக்காவது அம்மாவிடம் நேரில் கேளுங்கள். “எப்போ இருந்து?” என்று கேட்டால் தேதி வராது. “சந்தைக்குப் போன அன்னைக்கு நடந்தானா? அதுக்கு மறுநாள்?” என்று கேட்டால் வந்துவிடும்.

படி 6: மல மாதிரி

வாதம் தொடங்கி 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி. ஒவ்வொன்றும் சுமார் 8 கிராம், அதாவது பெரியவர் கட்டைவிரல் அளவு. 2 முதல் 8 டிகிரிக் குளிரில், ஐஸ் உருகாமல், கசியாமல், லேபிளோடு ஆய்வகம் சேர வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மாதிரி போதுமானது என்று கணக்கு. குறைந்தது 80 சதவீதக் கேஸ்களுக்கு அப்படி இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில்தான் வைரஸ் அதிகமாக வெளியேறுகிறது, பிறகு குறைந்துவிடும். 14 நாள் கெடு அதனால்தான்.

களத்தில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். மாதிரிக்கென்று தனிப் பெட்டி இருக்கிறதா, தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியையே பயன்படுத்துகிறார்களா? சனிக்கிழமை மாலை எடுத்த மாதிரி திங்கள் வரை எங்கே இருந்தது? ஐசியுவில் இருக்கும் குழந்தைக்கு, இரவு இரண்டு மணிக்கு மலம் போனால் எடுத்துவைக்கச் சொல்லி யாராவது நைட் டியூட்டி நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்களா? கில்லன் பாரே குழந்தைகளுக்கு மலச்சிக்கல் சகஜம். நாட்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரே மாதிரியை அந்த நர்ஸ் தெரியாமல் கொட்டிவிட்டால் கெடு தாண்டிவிடும்.

எண்களில் மட்டும் தெரியும் ஒரு குறை உண்டு. எல்லாக் கேஸ்களிலும் இரண்டு மாதிரிக்கும் இடைவெளி அச்சு அசலாக 24 மணி நேரம், காலை 10 மணி, மறுநாள் காலை 10 மணி என்று இருந்தால் நம்பாதீர்கள். குழந்தைகள் அட்டவணை பார்த்து மலம் போவதில்லை. ஒரே மாதிரியை இரண்டு டப்பாவில் பிரித்திருக்க வாய்ப்பு உண்டு.

படி 7: ஆய்வகத்தின் எண்களை வைத்துக் களத்தைச் சோதியுங்கள்

கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆய்வு நிலையம் இந்தியாவின் போலியோ ஆய்வகக் கட்டமைப்பில் ஒன்று. சென்னையிலிருந்து மாதிரி அனுப்பத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. அங்கே ஆர்டி, எல்20பி என்ற இரண்டு செல் வகைகளில் வைரஸை வளர்த்துப் பார்க்கிறார்கள். 14 நாளில் வளர்ப்பு முடிவு வர வேண்டும்.

மதிப்பீட்டாளருக்கு மிகவும் பயன்படும் எண், போலியோ அல்லாத என்டெரோ வைரஸ் எத்தனை சதவீத மாதிரிகளில் கிடைத்தது என்பது. நம் ஊர் மாதிரி வெப்பமான இடங்களில் குழந்தைகளின் குடலில் இந்த வைரஸ்கள் தாராளமாகச் சுற்றும். 10 சதவீதமாவது கிடைக்க வேண்டும். படிவத்தில் 95 சதவீத மாதிரிகள் ‘நல்ல நிலை’, ஆனால் என்டெரோ வைரஸ் 2 சதவீதம்தான் என்றால் வழியில் வெயில் பட்டிருக்கிறது, இல்லை ஆய்வகத்தில் கோளாறு. எந்த மாவட்டத்து மாதிரிகளில் குறைவு என்று பிரித்தால் எது என்று புரிந்துவிடும்: எல்லா மாவட்டத்திலும் குறைவு என்றால் முதலில் ஆய்வகம், ஒன்றில் மட்டும் என்றால் அந்த மாவட்டத்தின் ஐஸ் பெட்டி.

சொட்டு மருந்து முகாம் முடிந்த வாரங்களையும் பாருங்கள். அப்போது எடுத்த மாதிரிகளில் தடுப்பு மருந்து வைரஸ் (சொட்டு மருந்தில் உள்ள வலுக்குறைத்த வைரஸ்) அவ்வப்போது வர வேண்டும். வரவே இல்லை என்றால் மாதிரி கெட்டிருக்கலாம், சொட்டு மருந்தே போய்ச் சேராமலும் இருந்திருக்கலாம்.

எங்காவது வைரஸ் பிடிபட்டால் மரபணு வரிசைதான் கண்காணிப்புக்கு நேர்மையான மதிப்பெண் போடும். விபி1 என்ற பகுதியில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதம் மாற்றம் சேரும். மிக நெருங்கிய உறவு வைரஸோடு 1.5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் நடுவில் ஒரு வருடத்துக்கும் மேல் பரவலைத் தவறவிட்டிருக்கிறோம். 2021இல் மலாவியின் லிலாங்வேயில் வாதம் வந்த சிறுமியின் வைரஸ் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து வைரஸின் உறவு. அது எப்போது கடல் தாண்டியது, நடுவில் யார் யாரைத் தொற்றியது என்பதைக் காட்ட ஒரு கேஸும் பிடிபட்டிருக்கவில்லை. துறைமுகமும் பன்னாட்டு விமான நிலையமும் உள்ள ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

படி 8: 60ஆம் நாள் மறு பரிசோதனை

போதுமான மாதிரி கிடைக்காத குழந்தையை, வாதம் தொடங்கிய 60ஆம் நாளுக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பலவீனம் மிச்சம் இருந்தாலோ, குழந்தை இறந்திருந்தாலோ, கண்டுபிடிக்கவே முடியாவிட்டாலோ நிபுணர் குழுவுக்குப் போகும். ‘போலியோவாக இருந்திருக்கலாம்’ என்ற வகையில் வைக்க நேரலாம். அப்படி வைத்த ஒவ்வொரு கேஸும் கண்காணிப்பின் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அவை ஒரே இடத்தில் கூடியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாதவர்கள் பெரும்பாலும் இடம் மாறும் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள். படிவத்தில் அப்பாவின் நம்பரோடு மேஸ்திரியின் நம்பரும் சொந்த ஊரில் ஒருவரின் நம்பரும் வாங்கியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

படி 9: கழிவுநீர்

வாதம் வருவதற்கு முன்பே சாக்கடை நீர் சொல்லிவிடும். 2022இல் லண்டன் கழிவுநீரில் தடுப்பு மருந்திலிருந்து உருவான இரண்டாம் வகை வைரஸ் தொடர்ந்து கிடைத்தது. அங்கே ஒருவருக்கும் வாதம் வரவில்லை. 2024இல் காஸாவில் ஜூலையில் கழிவுநீரில் கண்டார்கள், ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தைக்கு வாதம் உறுதியானது.

மாதிரி எடுக்கும் இடத்தை மதிப்பிடும்போது, அந்த இடத்துக்கு எத்தனை பேரின் கழிவு வந்து சேர்கிறது என்று கேளுங்கள். ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் பேர் என்பது நல்ல அளவு. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற பெரிய சுத்திகரிப்பு நிலையங்களின் வாயிலில் எடுத்தால் அதைவிடப் பல மடங்கு பேரின் கழிவு கலந்திருக்கும். ஒரு சின்னப் பகுதியின் வைரஸ் அதில் கரைந்து காணாமல் போகும். கழிவு அந்த நிலையத்துக்கு வந்து சேரும் முன் வழியில் உள்ள பம்பிங் ஸ்டேஷனில் எடுப்பது நல்லது. காலையில், மக்கள் அதிகம் கழிப்பறை போகும் நேரத்தில் எடுக்க வேண்டும். மாதிரிகளில் பாதியிலாவது ஏதாவது ஓர் என்டெரோ வைரஸ் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

குழாய் இணைப்பே இல்லாத தெருக்கள், செப்டிக் டேங்க் லாரி வந்து உறிஞ்சும் புறநகர்ப் பகுதிகள், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகைகள் ஆகியவை இந்த மாதிரியில் வரவே வராது. கழிவுநீர் மாதிரி சுத்தமாக வந்தது என்று அந்தப் பகுதிகளுக்கும் சேர்த்து நிம்மதி அடையக் கூடாது. நெருக்கடி அங்கேதான், தடுப்பூசி விட்டுப்போகும் குழந்தைகளும் அங்கேதான் அதிகம்.

படி 10: அறிக்கை

குறைகளை அப்படியே அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம் போடுங்கள். அதில் மூன்றே நிறம்: நோய் இல்லை என்று நம்பிச் சொல்லக்கூடிய பகுதி, சொல்ல முடியாத பகுதி, குழந்தைகள் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் எந்தப் பக்கமும் சொல்ல முடியாத பகுதி. மூன்றாவது நிறத்தை விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் சின்னப் பகுதிகள் தானாகவே பச்சையாகிவிடும்.

ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள், செலவு எந்தத் தலைப்பில் என்று எழுதுங்கள். ‘தனியார் மருத்துவமனைகளை ஈடுபடுத்த வேண்டும்’ என்பது பரிந்துரை இல்லை. ‘இந்த மண்டலத்தில் குழந்தைகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் தனியார் மருத்துவமனைகளின் பட்டியலை மண்டல சுகாதார அலுவலர் அடுத்த மாத முடிவுக்குள் புதுப்பித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளரின் பெயரை வாங்க வேண்டும்’ என்பது பரிந்துரை. இப்படி எழுதினால் ஆறு மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும்.

கடைசியாக, அறிக்கையின் சுருக்கத்தைத் தகவல் கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் 1980களில் நோய்க் கண்காணிப்பைத் தொடங்கியபோது, மருத்துவர்களுக்கு அச்சிட்ட அஞ்சல் அட்டைகளைக் கொடுத்தார்கள். நோயாளியைப் பார்த்தவர் அட்டையை நிரப்பித் தபாலில் போட வேண்டும். வந்த தகவல்களைத் தொகுத்து மாதா மாதம் ஒரு மடலாக அதே மருத்துவர்களுக்கு அனுப்பினார்கள். தான் போட்ட அட்டைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்த மருத்துவர் அடுத்த அட்டையையும் போடுவார். இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, செலவும் இல்லை. பொன்னேரிக் கிளினிக் மருத்துவர் அனுப்பிய குழந்தையின் மாதிரி முடிவு வந்ததும் அவருக்கு ஒரு செய்தி போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அதையே முதல் பரிந்துரையாக எழுதுங்கள். நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.